ஐந்து பங்கு, இரண்டு கார்

மேல்விஷாரத்தில் கார் கண்ணாடியை
ஏற்றுவதா இறக்குவதா என்பதைக்
காற்றுதான் சொல்லும்.
நான் ஏற்றிக்கொண்டே போனேன்.
மூடிக்கிடக்கும் தோல் ஷாப், தகரக் கொட்டகை,
உள்ளே தார்ப்பாய் போர்த்திய இரண்டு குன்றுகள்.

"எது எவ்வளவு பெறும்னு எழுதிக் குடுங்க மேடம்,
மீதிய நாங்க பாத்துக்கறோம்" என்றார் மூத்தவர் முனவ்வர்.
இளையவர் ஜியாவுத்தீன்
சாவிக்கொத்தை விரலில் சுற்றிக்கொண்டிருந்தார்.
தூணோரம் ஷமீமா.
டீ கொண்டுவந்தவள் என்றுதான் முதலில் நினைத்தேன்.

முதல் தார்ப்பாய்:
ப்யூக், நாற்பத்தொன்பது.
இருபது பல்லும் தெரிய இளிக்கும் முகம்.
மட்கார்டில் பக்கத்துக்கு மூன்று ஓட்டை.
எதற்கு?
ஒன்றுக்கும் இல்லை.
ஓட்டைக்கும் காசு வாங்கிய காலம் அது.
பானட்டைத் தூக்கினால்
எட்டு சிலிண்டரும் ஒரே வரிசையில்
தோளோடு தோள் ஒட்டி நிற்கின்றன.

இரண்டாவது:
பென்ஸ், எண்பத்தாறு.
ஈரச் சிமெண்ட் நிறம்.
ஒரு கதவைப் பூட்டினால் மற்ற மூன்றும்
ஒரு நொடி யோசித்து
பெருமூச்சுவிட்டுத் தாமே பூட்டிக்கொள்ளும்.
கதவில் சீட்டின் வடிவத்திலேயே ஒரு குட்டி ஸ்விட்ச்,
சொப்புச் சாமான் மாதிரி.
அதைச் சாய்த்தால் பெரிய சீட் சாயும்.
சாய்ந்தது என்று எழுத ஆசைதான்.
பேட்டரி செத்திருந்தது.

ப்யூக்கில் ஏறினால்
ஆற்காடு போய்ச் சேரும்வரை
சலாம் வாங்கி சலாம் சொல்லிக் கை ஓய்ந்துவிடும்.
பென்ஸில் ஏறினால்
சலாம் காதில் விழாது, ஷாப்பின் நாற்றம் மூக்கில் ஏறாது.
அது ஊருக்குத் தன்னைக் காட்டச் செய்த வண்டி,
இது ஊரை வெளியே நிறுத்தச் செய்தது.

ப்யூக் பாலாற்றைத் தண்ணீரோடு பார்த்தது.
பென்ஸ் மணலைப் பார்த்தது,
பிறகு அந்த மணல் லாரியேறிப் போவதை,
பிறகு நுரையை.
நுரையில் இந்த ஷாப்புக்கும் பங்குண்டு.
என் படிவத்தில் அதற்கு இடமில்லை.

"உள்ள பாருங்க, ஒரிஜினல் ஜெர்மன் லெதர்"
என்று பென்ஸின் சீட்டைத் தட்டினார் முனவ்வர்.
தடவிப் பார்த்தேன்.
தையலோரம் நகத்தால் லேசாகக் கீறினேன்.
ரெக்சின்.
அருமையான ரெக்சின். ஆனாலும் ரெக்சின்.
ஆட்டுத்தோலைத் தூரத்திலிருந்தே
வயசு சொல்லுகிற மனிதன் வாங்கிய வண்டி.
எப்படிச் சொல்வது என்று நான் பேனாவைத் தேடினேன்.

"அத்தாவுக்குத் தெரியும்" என்றாள் ஷமீமா.
"வந்த அன்னைக்கே மோந்து பாத்தாரு.
விழுந்து விழுந்து சிரிச்சாரு.
என்னையே ஒரு நிமிஷம் ஏமாத்திட்டான்மா,
அண்ணனுங்க கிட்ட சொல்லாதேன்னாரு."
ப்யூக்கின் துணி சீட்டைப் பிய்த்தெறிந்துவிட்டுத்
தன் ஷாப்புத் தோலைத்
தைத்துப் போட்டதும் அதே வாரம்தானாம்.

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.
சாவி சுற்றுவது நின்றிருந்தது.

மகனுக்கு இரண்டு, மகனுக்கு இரண்டு, மகளுக்கு ஒன்று.
பங்கு ஐந்து. கார் இரண்டு.
சின்னவர்தான் வேடிக்கையாகச் சொன்னார்:
"ஸ்டெப்னியோட சேத்தா
ஒரு வண்டிக்கு அஞ்சு சக்கரம். சரியா வருது."
அவரே சிரித்தார், அவரே நிறுத்தினார்.

ராணிப்பேட்டையிலிருந்து ஆறு வோல்ட் பேட்டரி வந்தது.
ப்யூக்கில் உட்கார்ந்து ஜியாவுத்தீன்
ஸ்டார்ட்டர் பொத்தானைத் தேடினார்.
டேஷ்போர்டில் தேடினார், ஸ்டீயரிங்குக்குக் கீழே தேடினார்,
போனிலும் தேடினார்.
முனவ்வர் வெளியிலிருந்தே யோசனை சொன்னார்.

"நவுரு" என்றாள்.
செருப்பைக் கழற்றிவிட்டு ஏறி
சாவியைத் திருப்பி
ஆக்சிலரேட்டரை அடிவரைக்கும் மிதித்தாள்.
அவ்வளவுதான்.
இந்த வண்டிக்குப் பொத்தான் காலுக்குக் கீழே.
இருமியது, மறுபடி இருமியது,
தகரக் கூரையிலிருந்து புறா கிளம்பிப் பறக்க
எட்டும் ஒன்றாய்ப் பிடித்துக்கொண்டன.

ஓடும் நிலை: ஆம், என்று எழுதினேன்.
யார் கால் பட்டு என்பதற்குக் கட்டம் இல்லை.
பென்ஸுக்குச் சொன்ன தொகையில்
ஒன்றரை லட்சம் குறைத்தேன்.

எஞ்சினை அணைத்துவிட்டு இறங்கியவள்
செருப்பைத் தேடினாள்.
ஒன்று கிடைத்தது.
மற்றது வண்டிக்கடியில்.
இரண்டு அண்ணன்களும் ஒரே நேரத்தில் குனிந்தார்கள்.